உருவப்படம்: வண்ணமா, கறுப்பு வெள்ளையா?

1941 டிசம்பரில் ஒட்டாவாவில் யூசுஃப் கார்ஷ் எடுத்த வின்ஸ்டன் சர்ச்சில் படம் கறுப்பு வெள்ளை. 1984இல் பெஷாவர் அருகே அகதி முகாமில் ஸ்டீவ் மெக்கரி எடுத்த ஆப்கன் சிறுமியின் படம் வண்ணம். இரண்டையும் மனத்துக்குள் இடம் மாற்றிப் பாருங்கள். வாயிலிருந்த சுருட்டைக் கார்ஷ் பறித்ததும் சர்ச்சில் முறைத்த முறைப்புக்கும், இடுப்பில் ஊன்றிய கைக்கும் நிறம் எதற்கு? சிறுமியின் படத்திலோ பச்சைக் கண்களும் துருச்சிவப்பு முக்காடும் மோதுவதில்தான் உயிர் இருக்கிறது. நிறத்தை எடுத்துவிட்டால் அதுவும் நல்ல படமாகவே மிஞ்சும். அவ்வளவுதான்.

ஆகவே, கறுப்பு வெள்ளைக்குத்தான் ஆழம் உண்டு என்ற பேச்சு எனக்கு ஒப்பாது. சுருக்கங்கள் ஓடிய முகம், பக்கவாட்டில் விழும் ஜன்னல் வெளிச்சம் என்றால் தயங்காமல் கறுப்பு வெள்ளை. ஒரு கன்னத்தில் பகல் வெளிச்சமும் மறு கன்னத்தில் குண்டு பல்பின் மஞ்சளும் விழுந்தாலும் அதுவே கைகொடுக்கும். வண்ணத்தில் ஒன்றைச் சரிசெய்தால் மற்றது கெடும். ஆனால் தட்டையான ஒளியில் எடுத்த சப்பென்ற படம், நிறத்தை நீக்கியதும் கலையாகிவிடாது. ஆகிவிடும் என்றுதான் பலர் நம்புகிறார்கள்.

படச்சுருள் காலத்தில் சுருளை மாட்டும்போதே முடிவும் எடுத்தாயிற்று. மெக்கரியிடம் இருந்தது கோடாக்ரோம் என்ற வண்ணச் சுருள். இன்று, சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பாக எடுத்தால் பிறகு தீர்மானித்துக்கொள்ளலாம். கறுப்பு வெள்ளை ஜேபெக்காக மட்டும் எடுத்தால் நிறம் திரும்பாது. நிறத்தை நீக்கும் விதத்திலும் சூட்சுமம் இருக்கிறது. சிவப்பு அலைவரிசையை, அதாவது படத்திலுள்ள சிவப்பு ஒளியின் பங்கை, கூட்டினால் தோல் வெளுத்து, பருத்தழும்பும் மங்கும். ஆனால் நெற்றியிலுள்ள குங்குமமும் கூடவே வெளுத்து, ஏறக்குறைய காணாமல் போகும். பச்சையைக் கூட்டினால் குங்குமம் கறுத்துத் துலங்கும், தோலின் குறைகளும் துலங்கும். மாநிற முகங்களுக்கு நான் பச்சைப் பக்கமே சாய்வேன். முகம் மாவுப் பொம்மைபோல் ஆவதைவிடத் தழும்பு தெரிவது மேல்.

அடையாள அட்டைப் படத்தில் இந்தக் கேள்வியே எழுவதில்லை. திருமணப் படங்களில் எழுகிறது. தாத்தா பாட்டியின் முகங்களைக் கறுப்பு வெள்ளையில் தரலாம். மணப்பெண்ணை வண்ணத்தில்தான் எடுக்க வேண்டும். 2012இல் லைகா, கறுப்பு வெள்ளை மட்டுமே பதியும் எம் மோனோக்ரோம் என்ற டிஜிட்டல் கேமராவை வெளியிட்டது. நிற வடிகட்டி இல்லாத சென்சார் என்பதால் நுணுக்கமும் கூர்மையும் அபாரம். அதை மட்டும் தூக்கிக்கொண்டு கல்யாணத்துக்குப் போகும் புகைப்படக்காரரின் துணிச்சலை மெச்சலாம். கூறைப்புடவையின் நிறம் எங்கே என்று கேட்கும் பெண்வீட்டாருக்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டும்.