சின்ன நாய்க்குத் தண்ணீர்: கிண்ணமா, மண்சட்டியா, ஃபவுண்டனா, சாப்பாட்டில் கலப்பதா?

காலையில் நிரப்பி வைத்த கிண்ணம் சாயங்காலம் வரை அப்படியே இருக்கிறது. நாயோ எதுவும் நடக்காதது மாதிரி ஃபேனுக்கு அடியில் நாலு காலையும் பரப்பிக்கொண்டு படுத்திருக்கிறது. சின்ன நாய் வளர்க்கிற வீடுகளில், அதுவும் ஏப்ரல், மே மாதத்தில், இந்தக் காட்சியைப் பார்த்துப் பதறாதவர்கள் குறைவு. உடனே புதுக் கிண்ணம், ஆன்லைனில் ஒரு ஃபவுண்டன் (பம்பு வைத்துத் தண்ணீரை ஓடவிடும் பாத்திரம்), பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன இளநீர் என்று ஒவ்வொன்றாக இறங்கிவிடுவோம். எதில் பணம் போடலாம், எதை விடலாம் என்று சொல்வதற்கு முன்னால் ஒரு சின்னக் கணக்கு.

ஆரோக்கியமான நாய்க்கு ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 50 முதல் 60 மில்லி தண்ணீர் வேண்டும். நம் ஊரில் பொமரேனியன் என்று வளர்ப்பது பெரும்பாலும் இந்தியன் ஸ்பிட்ஸ்தான். அதில் 5 கிலோ இருக்கும் ஒன்றுக்கு 250 முதல் 300 மில்லி. கேட்க நிறைய மாதிரி இருக்கும், ஆனால் ஒரு பெரிய டம்ளரைவிடக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். அதுவும் மொத்தமும் கிண்ணத்திலிருந்து வர வேண்டும் என்பதில்லை, சாப்பாட்டில் இருக்கும் தண்ணீரும் இதில் சேரும். பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

பாக்கெட்டில் வரும் ட்ரை ஃபுட்டில் ஈரம் நூற்றுக்குப் பத்துப் பங்கு அளவில் இருக்கும். 5 கிலோ நாய் நாளைக்கு 100 கிராம் தின்றால் அதில் கிடைப்பது 10 மில்லி தண்ணீர். வேகவைத்த சோறும் கோழிக்கறியும் தின்னும் நாயின் கதை வேறு. இரண்டிலுமே கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர்தான், 250 கிராம் தின்றால் 160 மில்லிக்கு மேல் வயிற்றுக்குள் போய்விடும். டின்னிலோ பவுச்சிலோ வரும் வெட் ஃபுட்டில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர், அதை மட்டும் தின்கிற நாய் கிண்ணத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் இருக்கலாம். சோறு தின்று வளர்ந்த பழைய நாயை நினைத்துக்கொண்டு, ட்ரை ஃபுட் தின்னும் புது நாய் நிறைய குடிக்கிறதே என்று பயப்படுகிறவர்களும் உண்டு, குறைவாகக் குடித்தாலும் பயப்படாமல் விட்டுவிடுகிறவர்களும் உண்டு. இரண்டு நாய்க்கும் ஒரே கணக்குப் போட முடியாது.

சரி, இப்போது பாத்திரங்களுக்கு வருவோம்.

எவர்சில்வர் கிண்ணத்தை மிஞ்ச ஆளில்லை என்பேன், இரண்டு குறைகளைச் சரிசெய்துவிட்டால். முதல் குறை சத்தம். நாய் குனியும்போது கழுத்துப் பட்டையில் தொங்கும் மணியோ டேக்கோ கிண்ணத்தின் விளிம்பில் ‘டங்’ என்று இடிக்கும். பயந்த சுபாவமுள்ள நாய் இரண்டு நக்கு நக்கிவிட்டு விலகிப் போய்விடும், நாம் தண்ணீர் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொள்வோம். ஒரு நாள் பட்டையைக் கழற்றி வைத்துவிட்டுப் பாருங்கள். இரண்டாவது, டைல்ஸ் தரையில் கிண்ணம் வழுக்கிக்கொண்டே போகும். கீழே ஈரத்துணி ஒன்றைப் போட்டால் தீர்ந்தது. பிளாஸ்டிக் கிண்ணம் விலை மலிவு, ஆனால் கொஞ்ச நாளில் உள்பக்கம் கீறல் விழும், அந்தக் கீறலில் அழுக்கு குடியேறிவிடும். வேண்டாம்.

எந்தப் பாத்திரமானாலும் உள்ளே விரலை விட்டுத் தேய்த்துப் பாருங்கள். வழவழவென்று பிசுபிசுப்பாக இருந்தால் அது கிருமிகள் சேர்ந்து கட்டிய படலம். தண்ணீரை மாற்றினால் மட்டும் போகாது, தினமும் தேய்த்துக் கழுவத்தான் வேண்டும். மாடியிலோ வாசலிலோ வைத்திருந்தால் கொசு முட்டையிடும் தொல்லை வேறு.

மண்சட்டிக்கு ஒரு கவர்ச்சி இருக்கிறது. நுண்துளை வழியே தண்ணீர் கசிந்து ஆவியாவதால் உள்ளே இருப்பது குளிரும். கனமாக இருப்பதால் சின்ன நாய் தட்டிவிடவும் முடியாது. ஆனால் ஊரைப் பார்த்து வாங்க வேண்டும். மதுரை, திருச்சியின் வறண்ட வெயிலில் நன்றாகக் குளிரும். சென்னைப் புழுக்கத்தில் காற்றிலேயே ஈரம் நிறைந்திருப்பதால் அந்த அளவுக்குக் குளிராது, தரை நனைவதுதான் மிச்சம். சோப்பு போட்டால் சட்டி குடித்துவிடும் என்பதால் நாரும் வெந்நீரும் வைத்துத்தான் தேய்க்க வேண்டும். பாசி பிடிக்கிறது என்று தெரிந்தால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வாங்கலாம், பெரிய விலையில்லை. ஷிட்சு மாதிரி சப்பை மூக்கு நாய்களுக்கு மட்டும் ஆழமான சட்டி ஆகாது. மூக்கு முங்கினால் விட்டுவிடும். அகலமான, ஆழம் குறைந்த கிண்ணம் அவற்றுக்கு நல்லது.

ஃபவுண்டன் விஷயத்தில் நான் கொஞ்சம் கறார். விலை ஆயிரத்தைத் தாண்டும், சில வாரங்களுக்கு ஒருமுறை ஃபில்டர் மாற்ற வேண்டும், ஸ்பிட்ஸின் முடி பம்புக்குள் போய்ச் சுற்றிக்கொண்டால் அரைமணி நேரம் உட்கார்ந்து பிரித்துக் கழுவ வேண்டும், கரன்ட் போனால் ஓட்டமும் நின்றுவிடும். இதெல்லாம்கூடப் பரவாயில்லை. ஓடுகிற தண்ணீரைப் பார்த்துச் சில நாய்கள் ஆசையாகக் குடிக்கும் என்பது உண்மைதான், சில நாய்கள் பம்பு சத்தத்துக்கே பயந்து கிட்டவே போகாது. ஃபவுண்டனை அதிகம் வாங்குவது பூனை வளர்ப்பவர்கள். அந்தப் பூனைகளை வைத்துச் செய்த ஆய்வுகளிலேயே முடிவு ஒரே மாதிரியாக வரவில்லை. பெரிய குறை வேறு. நமக்கு இருக்கும் கவலையே ‘எவ்வளவு குடித்தது’ என்பதுதான். இரண்டு லிட்டர் தொட்டியில் சுழன்றுகொண்டே, ஆவியாகிக்கொண்டே இருக்கும் தண்ணீரில் 150 மில்லி குறைந்ததா 250 மில்லி குறைந்ததா என்று எப்படிச் சொல்வது? கவலையைத் தீர்க்க வாங்கிய சாமான் அந்தக் கவலைக்கான பதிலையே மறைத்துவிடுகிறது. குழாயைத் திறந்தால் மட்டும் ஓடிவந்து குடிக்கிற நாய் வீட்டில் இருந்தால் வாங்குங்கள். மற்றபடி அந்தக் காசில் நான்கு எவர்சில்வர் கிண்ணம் வாங்கி, ஹாலில் ஒன்று, படுக்கிற இடத்தில் ஒன்று, பால்கனி நிழலில் ஒன்று என்று வைக்கலாம். ஒன்றை உடைசலுக்கு வைத்துக்கொள்ளலாம் என்று சொல்ல முடியாது, எவர்சில்வர் உடையாது.

என் ஓட்டு சாப்பாட்டில் கலப்பதற்குத்தான். 100 கிராம் ட்ரை ஃபுட்டில் 100 மில்லி வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி ஊறவைத்தால், நாய் தெரியாமலே அன்றைய தேவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளே போய்விடும். செலவு கிடையாது, அளவும் நம் கையில். வாசனை தூக்கலாக வருவதால் சாப்பாட்டில் முரண்டு பிடிக்கிற நாய்கூடத் தட்டைக் காலி செய்யும். இதற்கு ஒரு எதிர்வாதம் எப்போதும் வரும்: காய்ந்த உணவைக் கடித்தால்தானே பல் சுத்தமாகும்? சாதாரண ட்ரை ஃபுட் பல்லில் பட்டதுமே உடைந்துவிடுகிறது, அது பெரிதாக எதையும் தேய்ப்பதில்லை. சின்ன நாய்களுக்கு ஈறு நோய் அதிகம், அதற்குப் பல் துலக்கத்தான் வேண்டும். ஈறு வலி உள்ள நாய் குளிர்ந்த தண்ணீரைத் தவிர்க்கும் என்பதும் நினைவில் இருக்கட்டும். ஊறவைத்த உணவுக்கு ஒரே ஒரு குறை, வெயில் காலத்தில் சீக்கிரம் புளித்துவிடும். தின்றது போக மீதியை உடனே எடுத்துக் கொட்டிவிடுங்கள்.

தண்ணீருக்குப் பதிலாகக் கொடுக்கும் மற்றவற்றைச் சுருக்கமாகப் பார்க்கலாம். உப்பு போடாத நீர்மோர் கொஞ்சம் கொடுக்கலாம், பெரும்பாலான நாய்கள் தாங்கும். பால் பல நாய்களுக்கு வயிற்றைக் கலக்கும். இளநீர் நல்லதுதான் என்றாலும் பொட்டாசியம் அதிகம், சிறுநீரகக் கோளாறு உள்ள நாய்க்குக் கொடுக்கவே கூடாது. கோழி வேகவைத்த சூப் என்றால் எந்த நாயும் விடாது, ஆனால் நம் வீட்டுச் சூப்பில் சின்ன வெங்காயமும் பூண்டும் இல்லாமல் இருக்காதே! இரண்டுமே நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைப்பவை, துண்டுகளை எடுத்துப் போட்டாலும் சாறு இறங்கியிருக்கும். நாய்க்கென்று வெறும் கோழியைத் தனியாக வேகவையுங்கள். சிரிஞ்சில் வலுக்கட்டாயமாகத் தண்ணீர் புகட்டுவது மட்டும் கூடவே கூடாது. மூச்சுக்குழாய்க்குள் போனால் நிமோனியா வரை கொண்டுபோகும்.

அளப்பதற்குச் சமையலறைத் தராசு போதும். காலையில் தண்ணீரோடு கிண்ணத்தை எடை போட்டு, ராத்திரி மறுபடி போடுங்கள், 1 கிராம் குறைந்தால் 1 மில்லி. அதே மாதிரி இன்னொரு கிண்ணத்தை நாய்க்கு எட்டாத அலமாரியில் வைத்தால், ஆவியானது எவ்வளவு என்று தெரியும். அதைக் கழித்துவிடலாம். நாய் நாக்கைப் பின்பக்கமாகக் கரண்டி போல மடித்துத் தண்ணீரை மேலே இழுத்துக் குடிக்கும், கொஞ்சம் வெளியே தெறிக்கும். எனவே இதை உத்தேசக் கணக்காகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

அளவைவிட நாயின் வாய் நன்றாகப் பேசும். மேல் உதட்டைத் தூக்கி ஈறைத் தொட்டால் ஈரமாக வழுக்க வேண்டும், விரலில் ஒட்டினால் உடம்பில் தண்ணீர் குறைகிறது. ஈறை அழுத்தி விட்டால் வெளுத்த இடம் 2 வினாடிக்குள் சிவக்க வேண்டும். கழுத்துத் தோலைப் பிடித்து இழுத்துப் பார்க்கும் சோதனை எல்லோருக்கும் தெரியும், விட்டதும் தோல் சட்டென்று பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும். ஆனால் கிழட்டு நாய்க்கும் மெலிந்த நாய்க்கும் தோல் எப்போதுமே மெதுவாகத்தான் திரும்பும், குண்டு நாய்க்குத் தண்ணீர் குறைந்திருந்தாலும் சட்டென்று திரும்பிவிடும். அதை மட்டும் நம்பாதீர்கள். வாந்தியோ பேதியோ இருந்து தண்ணீரும் குடிக்கவில்லை என்றால் நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளவே கூடாது. குட்டியாக இருந்தால் இன்னும் அவசரம்.

குறைவாகக் குடிக்கிறதே என்று பயப்படுகிறவர்கள், திடீரென்று கிண்ணம் மளமளவென்று காலியானால் சந்தோஷப்படுவதைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அதுதான் பயம். கிலோவுக்கு 100 மில்லிக்கு மேல், அதாவது 5 கிலோ நாய் அரை லிட்டரைத் தாண்டிக் குடித்துக்கொண்டே இருந்தால் சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு, குஷிங் நோய் (கார்டிசால் என்ற ஹார்மோன் மிகுவதால் வருவது) என்று பல காரணங்கள் இருக்கலாம். கருத்தடை செய்யாத பெண் நாய், ஹீட் (இனச்சேர்க்கைக் காலம்) முடிந்து சில வாரங்களில் இப்படிக் குடித்துச் சோர்ந்து படுத்தால் கர்ப்பப்பையில் சீழ் கட்டியிருக்கலாம். வெளியே எதுவும் ஒழுகாவிட்டாலும்கூட இருக்கலாம், அன்றைக்கே தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவமனையோ, தெருமுனை கிளினிக்கோ, போகும்போது தராசுக் கணக்கு எழுதிய தாளையும் முடிந்தால் அன்று காலை பிடித்த சிறுநீரையும் கொண்டுபோங்கள். ‘நிறைய குடிக்குது டாக்டர்’ என்பதைவிட ‘நேத்து 620 மில்லி’ என்பது அவருக்கு உடனே உதவும்.