சோஹோவா, சோவோவா, காண்டோவும் கடைமாடியுமா?

மலேசியாவின் கிள்ளான் பள்ளத்தாக்கில் சிறு தொழில் செய்கிற யாரைக் கேட்டாலும் இப்போது இதே பேச்சுதான். கடைவீட்டு மாடிக்கு வாடகை, குடியிருக்கும் வீட்டுக்கு லோன் என்று மாதாமாதம் இரண்டு பக்கமும் ஏன் கட்ட வேண்டும், ஒரே இடத்தில் இரண்டையும் முடித்துக்கொண்டால் என்ன என்று. நான் சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன், மனைவி மொழிபெயர்ப்பு வேலை பார்க்கிறார். எங்கள் முன்னால் மூன்று வழிகள் இருந்தன: சோஹோ (வீடும் சிறு அலுவலகமும் சேர்ந்த யூனிட்), அதைவிட விலை குறைந்த சோவோ அல்லது சோஃபோ (அலுவலகத்துக்கென்றே கட்டிய சிறு யூனிட்கள்), இல்லாவிட்டால் சாதாரண காண்டோ, அதாவது அடுக்குமாடி வீடு, வாங்கிக் குடியிருந்துகொண்டு பக்கத்தில் ஒரு கடைவீட்டின் மாடியை அலுவலகத்துக்கு வாடகைக்கு எடுப்பது. நாங்கள் சோஹோ வாங்கினோம், அங்கேதான் இருக்கிறோம். அதனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை மறைக்கப் போவதில்லை.

விலை, ரயில் நிலையம் எவ்வளவு தூரம், நீச்சல் குளம் உண்டா என்பதெல்லாம் நீங்களே பார்த்துக்கொள்வீர்கள். ஒரே வட்டாரத்தில் சோவோ பொதுவாக விலை குறைவு, யூனிட்டும் சின்னது. ஷோரூமில் மூன்றும் ஒரே மாதிரிதான் இருக்கும், மரத் தரை, மஞ்சள் விளக்கு, மூலையில் ஒரு காபி மெஷின். சோவோ ஷோரூமிலும் தடுப்புக்குப் பின்னால் ஒரு கட்டில் போட்டிருப்பார்கள். வாழலாம், உழைக்கலாம், விளையாடலாம் என்று சுவரில் எழுதியிருக்கும். அந்தக் கட்டிலைப் பார்த்துத்தான் நிறையப் பேர் சோவோவையும் வீடு என்று நினைத்துக்கொண்டு முன்பணம் கட்டுகிறார்கள். மேம்பாட்டாளர் எங்கேயும் இது வீடு என்று எழுதிக் கொடுத்திருக்க மாட்டார், கட்டில் மட்டும்தான் போட்டிருப்பார்.

இதில் இன்னொரு குழப்பம் நிலத்தைப் பற்றியது. கிராண்டில், அதாவது நிலப் பத்திரத்தில், வணிக நிலம் என்று இருந்தால் பயப்பட வேண்டும் என்று பலர் சொல்வார்கள். அது பாதிதான் சரி. சோஹோவும் பெரும்பாலும் வணிக நிலத்தில்தான் நிற்கிறது, சர்வீஸ் அபார்ட்மெண்டும் அப்படித்தான். நிலம் வணிகமா குடியிருப்பா என்பதோடு நிறுத்திக்கொண்டால் எதுவும் தெரியாது. அந்த நிலத்தில் எதைக் கட்ட ஊராட்சி மன்றம் அனுமதி கொடுத்தது, கிராண்டில் 'ஷாராட் ஞாத்தா' என்று போட்டிருக்கும் நிபந்தனை எதற்கு இடம் தருகிறது, அங்கீகரித்த பிளானில் உங்கள் யூனிட் அலுவலகமா, குடியிருப்பும் சேர்ந்ததா என்றுதான் பார்க்க வேண்டும். யூனிட்டின் தள வரைபடத்தில் படுக்கையறை என்று எழுதாமல் வெறும் கட்டம் போட்டிருந்தால் அங்கேயே கேள்வி கேளுங்கள்.

சரி, எங்கள் முடிவை மாற்றிய விஷயத்துக்கு வருகிறேன். 1966ஆம் ஆண்டு வீடமைப்பு மேம்பாட்டுச் சட்டம், அதாவது சட்டம் 118. முழுக்க முழுக்கக் குடியிருப்பு என்றால்தான் இந்தச் சட்டம் என்றில்லை. பாதி குடியிருக்கவும் பாதி தொழில் செய்யவும் கட்டியதையும் வீடு என்றே அது எடுத்துக்கொள்கிறது. முறையாக அனுமதி வாங்கிய சோஹோ இதற்குள் வந்துவிடும். அலுவலகம் என்று மட்டும் அனுமதி வாங்கிய சோவோ, சோஃபோ வராது. கேட்க ஏதோ வக்கீல் விவகாரம் மாதிரி இருக்கிறது, ஆனால் கட்டுமானத்தில் இருக்கும்போதே வாங்குகிறவருக்கு இதில்தான் எல்லாம் இருக்கிறது.

சட்டத்துக்குள் வந்தால் ஒப்பந்தத்தை மேம்பாட்டாளர் தன் இஷ்டத்துக்கு எழுத முடியாது. அடுக்குமாடிக்கு எச் அட்டவணை என்று அரசாங்கமே வாசகம் கொடுத்திருக்கிறது. சாவி 36 மாதத்துக்குள், தாமதமானால் வாங்கிய விலையில் வருடத்துக்கு 10 சதவீதம் என்று நாள் கணக்கில் இழப்பீடு. 4 லட்சம் ரிங்கிட் வீட்டுக்கு ஒரு நாள் தாமதம் ஏறக்குறைய 110 ரிங்கிட். சாவி வாங்கியதிலிருந்து 24 மாதம் வரை விரிசல், கசிவு எதுவானாலும் அவர்கள் செலவில் சரி செய்ய வேண்டும். விலையில் 5 சதவீதத்தை வழக்கறிஞர் கையில் நிறுத்திவைத்து இரண்டு தவணையாகத்தான் விடுவிப்பார்கள், அதனால் பழுது பார்க்கக் கூப்பிட்டால் ஆள் வருகிறது. 2021ல் கூட்டரசு நீதிமன்றம் அந்த 36 மாதத்தை முன்பணம் கட்டிய நாளிலிருந்து எண்ண வேண்டும் என்று தீர்ப்பளித்தது. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட மாதக்கணக்கில் இழுத்தடிக்கும் பழக்கம் இருந்ததால் இது சின்ன விஷயமில்லை. தகராறு வந்தால் 50,000 ரிங்கிட் வரை வீடு வாங்குவோர் தீர்ப்பாயத்தில் வக்கீல் இல்லாமலே நாமே மனு போடலாம்.

எங்கள் கட்டடமும் தாமதமாகத்தான் முடிந்தது. இழப்பீட்டுக்குக் கடிதம் எழுதினோம், கொஞ்சம் முனகல், அப்புறம் கொடுத்தார்கள். அதே சமயத்தில் வேறு இடத்தில் சோவோ வாங்கிய நண்பர் ஒருவர் தன் ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தார். 48 மாதம் என்று இருந்தது, அதற்கு மேல் நீட்டிக்கவும் ஒரு வரி, தாமத இழப்பீடு எங்களுடையதைவிட ரொம்பக் குறைவு, பழுதுக் காலம் ஒரே வருடம். எல்லாம் அவர் கையெழுத்துப் போட்டதுதான், சட்டப்படி தப்பும் இல்லை. வணிகக் கட்டடம் என்றால் ஒப்பந்தம் இரண்டு வியாபாரிகளுக்கு இடையே நடப்பது, பேரம் பேசியிருக்க வேண்டியது உங்கள் பாடு. 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டமும் நிலம், கட்டடம் பக்கம் வராது, வீடு வாங்குவோர் தீர்ப்பாயமும் கிடையாது. மிச்சம் இருப்பது சிவில் நீதிமன்றம்தான். அதற்கு வக்கீல் ஃபீஸ் கேட்டவுடன் பாதிப் பேர் விட்டுவிடுகிறார்கள்.

இதை ஷோரூமிலேயே எப்படிக் கண்டுபிடிப்பது? விளம்பரத் தாளின் அடியில், பூதக்கண்ணாடி வைத்துத்தான் படிக்க முடியும் என்கிற அளவு எழுத்தில், மேம்பாட்டாளர் உரிம எண், விளம்பர விற்பனை அனுமதி எண், இரண்டும் எந்தத் தேதி வரை செல்லும், நிலம் குத்தகையா நிரந்தரமா, வங்கியில் அடமானம் உண்டா, எப்போது முடியும், பிளானை யார் அங்கீகரித்தார்கள் என்று வரிசையாக இருக்க வேண்டும். சட்டம் 118க்குள் வரும் திட்டத்துக்கு இது கட்டாயம். உரிம எண் இருந்தால் அதை வீடமைப்பு, ஊராட்சித் துறை அமைச்சின் இணையத் தளத்தில் சரிபாருங்கள். அந்தப் பெட்டியே இல்லை, 'ஓவியரின் கற்பனை' என்ற ஒரு வரி மட்டும் இருக்கிறது என்றால் ஏஜெண்டு என்ன பெயர் சொன்னாலும் அதை அலுவலகமாக எடுத்துக்கொண்டு விலை பேசுங்கள். பெயரில் சோஹோ என்று இருப்பதால் மட்டும் எதுவும் ஆகிவிடாது. சோஹோ என்று விற்றுவிட்டு வணிக ஒப்பந்தத்தை நீட்டுகிறவர்களும் உண்டு.

விளம்பர வாசகமே ஒரு துப்பு. வீடமைப்பு விதிமுறைப்படி விளம்பரத்தில் எதிர்பார்க்கும் லாபம், வாடகை வருமானம், இலவச வழக்கறிஞர் கட்டணம், பிரபலமான இடங்களுக்கு இத்தனை நிமிடம், கண்ணுக்கு எட்டும் தூரம் வரை காட்சி என்றெல்லாம் போடக் கூடாது. அப்படியானால் '6 சதவீதம் உத்தரவாத வாடகை' என்று சாலையோரப் பலகையில் கொட்டை எழுத்தில் இருப்பதற்கு என்ன அர்த்தம்? ஒன்று, அந்தத் திட்டம் சட்டத்துக்கு வெளியே இருக்கிறது. இல்லை, உள்ளே இருந்துகொண்டே விதியை மீறுகிறது. இரண்டுமே வாங்குகிறவருக்கு நல்ல செய்தி இல்லை. வாட்ஸ்அப்பில் ஏஜெண்டுகள் அனுப்புவது தனிக் கதை.

ஏஜெண்டு சொல்வதில் உண்மையும் உண்டு. சோவோ வாங்கினால் வீட்டுக் கடன் கணக்கில் சேராது என்பார்கள். 2010 நவம்பரிலிருந்து மூன்றாவது வீட்டுக் கடனுக்கு வீட்டு மதிப்பில் 70 சதவீதம்தான் உச்சம் என்று மத்திய வங்கியான பேங்க் நெகாரா வைத்திருக்கிறது, வணிகக் கட்டடம் அந்த எண்ணிக்கையில் வராது. ஏற்கெனவே இரண்டு வீட்டுக்குக் கடன் கட்டுகிறவருக்கு அது பெரிய விஷயம். முதல் இடம் வாங்கும் எங்களைப் போன்றவர்களுக்கு அதனால் ஒன்றும் இல்லை. அதோடு, வணிகக் கடனுக்கு வங்கி கொடுக்கும் விகிதமும் பொதுவாகக் குறைவு, கையிலிருந்து அதிகம் போட வேண்டும்.

மாதச் செலவையும் பார்க்க வேண்டும். சோவோவில் மின்சாரம் வணிகக் கட்டணம். 2025 ஜூலையில் கட்டண முறை மாறும் வரை முதல் 200 யூனிட் மின்சாரத்தில் ஒரு யூனிட்டுக்கு, வீடானால் 21.8 சென், வணிகமானால் 43.5 சென் என்று ஓடியது. புதிய முறையிலும் வீடு, வீடல்லாதது என்ற பிரிவு இருக்கிறது. சோஹோவில் குடியிருந்தால் வீட்டுப் பிரிவுக்கு மாற்ற மின்சார நிறுவனமான டிஎன்பியிடம் விண்ணப்பிக்கலாம், நாங்கள் செய்தோம், தண்ணீருக்கும் அப்படியே. ஊராட்சி மன்றத்துக்குக் கட்டும் மதிப்பீட்டு வரிதான் கொஞ்சம் உதைக்கிறது. பராமரிப்புக் கட்டணமும் சாதாரண காண்டோவைவிட அதிகம், இதை யாரும் ஷோரூமில் முந்திக்கொண்டு சொல்வதில்லை. கட்டணத்தோடு இருப்பு நிதிக்கு இன்னொரு 10 சதவீதம் சேரும். கீழே கடை வரிசை, மேலே யூனிட்கள் என்று கலந்த கட்டடத்தில் லிஃப்டும் பார்க்கிங்கும் யார் கணக்கில் வருகிறது என்பதை முதல் பொதுக்கூட்டத்திலேயே பிடித்துக்கொள்ளுங்கள்.

தொழிலுக்கு சோஹோ எப்படி? எங்களுக்குப் போதும். ஊராட்சி மன்றத்தில் அந்த முகவரிக்குத் தொழில் உரிமம் கிடைத்தது, காண்டோ முகவரியாக இருந்தால் அது அவ்வளவு சுலபமில்லை. எங்களுடையது சத்தமில்லாத மேசை வேலை, சமையலோ தையலோ முடி திருத்துவதோ என்றால் மன்றம் எப்படி எடுத்துக்கொள்ளும் என்பதற்கு என் அனுபவம் போதாது, அந்தந்த மன்றத்தில் முதலில் கேட்டுவிடுங்கள். பெயர்ப்பலகை மாட்ட முடியாது. வாடிக்கையாளர் வந்தால் நானே கீழே போய் அட்டை தட்டிக் கூட்டி வர வேண்டும். வயதான கடைக்காரர் ஒருவர் "என்னப்பா, ஜெயிலுக்கு வந்த மாதிரி இருக்கு" என்று ஒவ்வொரு தடவையும் சொல்வார்.

பக்கத்து யூனிட்கள் நாள் வாடகைக்குப் போவதும் ஒரு தொல்லை. ஏர்பிஎன்பிக்கு விடலாம் என்று விற்றிருப்பார்கள். ஆனால் மோன்ட் கியாராவில் ஒரு கட்டடத்தின் வழக்கில், நிர்வாக அமைப்பு நினைத்தால் குறுகிய கால வாடகையைத் தடை செய்யலாம் என்று 2020ல் கூட்டரசு நீதிமன்றம் சொல்லிவிட்டது, அந்த நிலமும் வணிக நிலம்தான். அந்த வருமானத்தை நம்பி லோன் கணக்குப் போடுகிறவர்கள் இதை முதலில் படிக்கட்டும்.

காண்டோவும் கடைமாடி வாடகையும் என்ற வழியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், நாங்கள் அதைச் செய்யவில்லை. இரண்டு மூன்று பேரை வேலைக்கு வைத்திருப்பவருக்கு அதுதான் சரி என்று நினைக்கிறேன். பெயர்ப்பலகை உண்டு, வாடிக்கையாளர் நேராகப் படியேறி வரலாம், தொழில் நொடித்தால் மாடியை விட்டுவிடலாம், வீடு தப்பிக்கும். குடியிருக்கும் வீட்டுக்குள்ளேயே ஊழியர்கள் வந்துபோவதை எத்தனை குடும்பங்கள் தாங்கும் என்று தெரியவில்லை, எங்கள் வீட்டில் தாங்காது.

சோவோ யாருக்கு? உண்மையிலேயே அலுவலகம் மட்டும் வேண்டும், இரவில் வேறு வீட்டுக்குப் போய்விடுவேன் என்பவருக்குத் தாராளமாகப் பொருந்தும். அதை வீடாக்கிக் குடியேறுகிறவருக்குத்தான் சிக்கல். சில கட்டடங்களில் குளிரூட்டி மையக் கட்டுப்பாட்டில் இருக்கும், அலுவலக நேரம் முடிந்ததும் நின்றுவிடும். சிலவற்றில் கழிவறை நடைபாதையின் கோடியில் எல்லோருக்கும் பொது.

மறுவிற்பனையில் எது தாக்குப்பிடிக்கும் என்று கேட்டால், நாங்கள் இன்னும் விற்றுப் பார்க்கவில்லை. குடியிருக்க வாங்குகிறவர், வாடகைக்கு விட வாங்குகிறவர், அலுவலகத்துக்கு வாங்குகிறவர் என்று மூன்று வகை ஆட்கள் சோஹோவைப் பார்க்க வருவார்கள், சோவோவுக்குக் கடைசி இரண்டு வகைதான் என்று எங்கள் வங்கி அதிகாரி ஒருவர் சொன்னார், அது நியாயமாகப் பட்டது. ஆனால் ஒரே வட்டாரத்தில் ஒரே மாதிரி நூற்றுக்கணக்கான யூனிட்கள் விற்பனைக்கு நிற்கும்போது இந்த வித்தியாசமும் எவ்வளவு தூரம் கைகொடுக்கும் என்று சொல்லத் தெரியவில்லை.

பழைய யூனிட்டை இன்னொருவரிடமிருந்து வாங்குகிறீர்கள் என்றால் தாமத இழப்பீடெல்லாம் முடிந்துபோன கதை. அப்போது விற்பவரிடம் மூன்றைக் கேளுங்கள்: ஸ்டிரேட்டா கிராண்ட் (அந்த யூனிட்டுக்கான தனிப் பத்திரம்), அவர் முதலில் மேம்பாட்டாளரோடு போட்ட ஒப்பந்தம், கடைசி மாத மின்கட்டண பில். ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தில் எச் அட்டவணை என்று இருக்கிறதா, பில்லில் எந்தப் பிரிவு போட்டிருக்கிறது என்று பார்க்க அஞ்சு நிமிடம் ஆகாது. பில்லைக் காட்டத் தயங்குகிறார் என்றால் முன்பணத்தை அன்றைக்குக் கொடுக்காதீர்கள்.