வருசத்துக்கு ஒண்ணு போதுங்கற எலும்பு ஊசிக்கு நாலு டோஸ் பேக்கேஜ்: கொங்குப் பக்கம் உசாரா இருங்க

காங்கேயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவில் ஒரு ஊர். கல்யாண மண்டபத்தில் இலவச எலும்பு முகாம். சர்க்கரையும் சேர்த்துப் பார்க்கிறோம், வெறும் வயிற்றோடு வாங்க என்று முந்தின நாளே மைக் கட்டிச் சொல்லியிருக்கிறார்கள். 72 வயது அம்மா ஒருவர், எடை 45 கிலோ. குதிகாலை ஒரு சின்ன மெசினில் வைக்கச் சொன்னார்கள். இரண்டு நிமிசத்தில் துண்டுச் சீட்டு வந்தது, அதில் மைனஸ் 2.9. "ஏனுங்கம்மா, எலும்பெல்லாம் கரையான் அரிச்ச மாதிரி ஆயிப்போச்சுங்க. இன்னிக்கே ஒரு ஊசி போட்டுக்குங்க. மூணு மாசத்துக்கு ஒருக்கா, மொத்தம் நாலு. ஒட்டுக்காப் பணம் கட்டுனீங்கன்னா கம்மியாகுமுங்க." கட்டிவிட்டார்கள். இரண்டாவது ஊசி போட்ட ஒன்பதாம் நாள் கால் வீங்கி, மூத்திரம் குறைந்து, கோவையில் அட்மிட். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தச் சோதனையான கிரியேட்டினின் 3.4.

குடும்பத்தின் சம்மதத்தோடு எழுதுகிறோம். ஊர், ஆஸ்பத்திரி, ஆள் பெயர் எதுவும் வேண்டாம். அந்த பைலைப் பக்கம் பக்கமாகப் பார்த்தால் என்னென்ன தப்பு நடந்தது என்று தெரிகிறது. இதே பேக்கேஜ் வேறு ஊர்களுக்கும் வரலாம்.

முதலில் ஒன்று. ஊசி மோசமான மருந்தில்லை. சோலெட்ரானிக் ஆசிட், 5 மில்லிகிராம், 100 மில்லி பாட்டிலில் தயாராக வரும். எலும்புத் தேய்மானத்துக்கு வருசத்துக்கு ஒருமுறை. 2007-இல் வெளிவந்த பெரிய ஆய்வில், மூன்று வருசம் போட்டுக்கொண்ட பெண்களுக்கு முதுகெலும்பு முறிவு 70 சதவீதமும் இடுப்பு முறிவு 41 சதவீதமும் குறைந்தது. வழுக்கி விழுந்து இடுப்பு உடைந்த பாட்டிக்கு இதைப் போடாமல் விடுவதுதான் தப்பு (உடைந்து இரண்டு வாரமாவது கழித்துப் போட வேண்டும்). போடும் முன் பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் போட்டதும், ஒன்றை நாலாக விற்றதும்தான் இங்கே மோசடி.

அந்த நாலு எங்கிருந்து வந்தது? இதே மருந்து வகையில் ஐபாண்ட்ரோனேட் என்று இன்னொன்று உண்டு. 3 மில்லிகிராம், நேராக நரம்பில் 15 முதல் 30 வினாடியில் போடுவது. அதுதான் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. சோலெட்ரானிக்கிலேயே 4 மில்லிகிராம் குப்பி ஒன்று தனியாக இருக்கிறது. எலும்புக்குப் பரவிய புற்றுநோய்க்கு மூன்று, நான்கு வாரத்துக்கு ஒருமுறை போடுவது. அந்த அம்மாவின் பைலில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் 4 மில்லிகிராம் குப்பியுடையது. ஆக, மருந்து புற்றுநோய் குப்பி, இடைவெளி ஐபாண்ட்ரோனேட்டுடையது, வசூல் வருச ஊசிக்கு. மூன்றையும் கலந்து ஒரு பேக்கேஜ். சோலெட்ரானிக்கில் சுமார் 40 சதவீதம் ஒரே நாளில் மூத்திரத்தில் போய்விடும். மிச்சம் எலும்பில் போய் ஒட்டிக்கொண்டு வருசக்கணக்கில் இருக்கும். வருசத்துக்கு ஒன்று போதும் என்பது அதனால்தான். ஒவ்வொரு டோசையும் வெளியேற்றுகிற வேலை சிறுநீரகத்துடையது என்பதால் முதலில் அடி வாங்குவதும் அதுதான்.

அந்த முகாமில் கிரியேட்டினினே பார்க்கவில்லை. ஒரு மாதம் முன் வேறு லேபில் எடுத்த ரிப்போர்ட் மஞ்சப்பையிலேயே இருந்திருக்கிறது: 1.2. லேப் தாளில் நார்மல் வரம்புக்குள்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள். 140-இல் வயதைக் கழிக்க வேண்டும், 68. அதை எடையால் பெருக்கினால், 45 கிலோவுக்கு 3060. 72 என்ற மாறாத எண்ணை (இது வயதில்லை, எல்லாருக்கும் இதேதான்) கிரியேட்டினினால் பெருக்கினால் 86.4. 3060-ஐ 86.4-ஆல் வகுத்தால் 35.4. பெண் என்பதால் 0.85-ஆல் பெருக்க, 30 வருகிறது. சிறுநீரகம் நிமிசத்துக்கு எத்தனை மில்லி ரத்தத்தைச் சுத்தம் செய்கிறது என்பதன் தோராயக் கணக்கு இது. 35-க்குக் கீழே இருந்தால் எலும்புத் தேய்மானத்துக்கு இந்த ஊசி கூடாது என்று 5 மில்லிகிராம் பெட்டிக்குள் இருக்கும் தாளிலேயே போட்டிருக்கிறது. மெலிந்த வயசாளிகளுக்கு சதை குறைவு, அதனால் கிரியேட்டினின் நல்ல பிள்ளை மாதிரி 1.2 காட்டும். "நார்மல்தானுங்க" என்று யார் சொன்னாலும் இந்தக் கணக்கைக் கேளுங்கள். செல்போனில் ஒரு நிமிச வேலை.

அடுத்து, அன்றைக்கு நடந்தது. வெறும் வயிறு, சித்திரை வெயில், தண்ணிகூடக் குடிக்கவில்லை. பிரசருக்கு எடுக்கும் மாத்திரையில் மூத்திரம் போக்கும் மருந்தும் இருந்தது. மூட்டு வலிக்கு மெடிக்கலில் வாங்கிய அசிக்ளோஃபெனாக் வேறு. வறண்டுபோன சிறுநீரகத்தின் மேல் இந்த மருந்தை ஏற்றியிருக்கிறார்கள், அதுவும் ஆறே நிமிசத்தில். பைலில் ஆரம்ப நேரமும் முடிந்த நேரமும் அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள், பாவம். பதினைந்து நிமிசத்துக்குக் குறையவே கூடாது. வயசானவர்களுக்கு அரை மணி நேரம் நல்லது. வேகமாக ஏற்றினால் ரத்தத்தில் மருந்தின் அளவு சட்டென்று ஏறி சிறுநீரகக் குழாய்களைக் கெடுக்கும்.

நீங்களே எண்ணலாம். நம் ஊரில் சாதாரண டிரிப் செட்டில் 20 சொட்டு ஒரு மில்லி. 100 மில்லி என்றால் 2000 சொட்டு. அரை மணி நேரத்தில் போக வேண்டுமென்றால் பத்து வினாடிக்குப் பதினொரு சொட்டு. பத்து வினாடிக்கு இருபத்திரண்டுக்கு மேல் விழுந்தால் உருளையைத் திருகிக் குறைக்கச் சொல்லுங்கள். சொட்டு தனித்தனியாகத் தெரியாமல் கம்பி மாதிரி ஓடினால் அங்கேயே நிறுத்தச் சொல்லுங்கள், கோவித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

"குளுக்கோஸ் ஒரு பாட்டில் ஏத்துனா தெம்பா இருக்குமுங்க" என்று கேட்பதும் நம் பக்கம் வழக்கம். அதற்கு ஆர்.எல். (ரிங்கர் லாக்டேட் என்ற உப்புநீர் டிரிப்) போட்டால், அந்தப் பாட்டிலில் கால்சியம் குளோரைடு இருக்கிறது. லேபிளைப் படித்தால் தெரியும். சோலெட்ரானிக் கால்சியத்தோடு சேரக்கூடாது. ஒரே ட்யூபில் ஆர்.எல்., கால்சியம் ஊசி எதையும் விடக்கூடாது. தனி ட்யூப், முடிந்ததும் சாதா சலைன். தெம்புக்கு, போடும் முன் இரண்டு டம்ளர் தண்ணி குடித்தாலே போதும். சாப்பிட்டுவிட்டே போகலாம்.

அன்று ராத்திரி காய்ச்சல், உடம்பு முறிக்கிற வலி. இது எதிர்பார்க்க வேண்டியதுதான். முதல் ஊசிக்கு மூன்றில் ஒருவருக்கு வரும், பெரும்பாலும் மூன்று நாளில் போய்விடும். பாராசிட்டமால் போதும். அங்கே போன் பண்ணிக் கேட்டதற்கு வரச்சொல்லி இரண்டு நாளும் டைக்ளோஃபெனாக் என்ற வலி ஊசி போட்டிருக்கிறார்கள். ஏற்கெனவே தடுமாறும் சிறுநீரகத்துக்கு அது இரண்டாவது அடி. முதல் தடவை எப்படியோ தாங்கியது. மூன்று மாதம் கழித்து, ரத்தம் பார்க்காமலே மறுபடியும் அதே வரிசை.

குதிகால் மெசின் பற்றி. அது ஒலியலைச் சோதனை. எலும்புத் தேய்மானம் என்று சொல்வதற்கான மைனஸ் 2.5 கணக்கு, இடுப்பிலும் முதுகிலும் எலும்பின் அடர்த்தியை எக்ஸ்ரேயால் அளக்கும் டெக்ஸா ஸ்கேனுக்கு உரியது. குதிகால் சீட்டில் மைனஸ் 2.9 வந்தால் டெக்ஸா எடுக்கச் சொல்லலாமே தவிர, அதை வைத்து ஊசி போடக்கூடாது. டெக்ஸா கோவை, ஈரோடு, சேலத்தில் கிடைக்கிறது. ஒரு எச்சரிக்கை: தர்மபுரி, சேலம் பக்கம் ஃப்ளோரைடு மிகுந்த போர் தண்ணி குடித்து வளர்ந்தவர்களுக்கு எலும்பு கெட்டியாகத் தெரிந்தும் உடையக்கூடியதாக இருக்கும். டாக்டரிடம் ஊரைச் சொல்லுங்கள்.

ரத்தத்தில் கால்சியமும் வைட்டமின் டியும் பார்க்காமலும் போடக்கூடாது. இந்த மருந்து எலும்பிலிருந்து கால்சியம் வெளியே வருவதை நிறுத்திவிடும்; ஏற்கெனவே குறைவாக இருந்தால் ரத்தத்தில் இன்னும் இறங்கும். உதட்டைச் சுற்றி மதமதப்பு, விரல் நுனி மரத்துப்போவது, கை கோணிக்கொள்வது, எல்லாம் அதன் அறிகுறி. காலையிலிருந்து ராத்திரி வரை தறிக் கொட்டகையிலேயே இருப்பவர்களுக்கு டி குறைவு சகஜம். முதலில் அதை ஏற்றிவிட்டு, பிறகுதான் ஊசி. ஊசி போட்டாலும் சாப்பாட்டையும் சேர்த்து ஒரு நாளைக்கு 1,200 மில்லிகிராம் கால்சியம் போக வேண்டும். 100 கிராம் ராகி மாவில் சுமார் 350 கிடைக்கும். களி தின்கிறவர்கள் அதைக் கழித்துக்கொள்ளுங்கள்.

ஆடுகிற பல், பிடுங்க வேண்டிய பல் இருந்தால் முன்னாடியே முடித்து, புண் ஆறிய பிறகு ஊசி. பின்னால் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போவது அரிதாக நடக்கும். அடிக்கடி டோஸ் போடுகிறவர்களுக்கு அதிகம். தொடையில் காரணமில்லாத வலி வாரக்கணக்கில் இருந்தால், இரண்டு தொடைக்கும் முழு நீள எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். அரிதான தொடை எலும்பு முறிவு அப்படித்தான் முன்கூட்டிச் சொல்லும். மூன்று வருசம் போட்டதும் நிறுத்தலாமா என்று டாக்டர் மறுபடி பார்க்க வேண்டும்.

பேக்கேஜில் ஏற்கெனவே ஒன்று போட்டுக்கொண்டவர்கள் அடுத்ததற்குப் போகாதீர்கள். கிரியேட்டினினும் கால்சியமும் எடுத்துக்கொண்டு எலும்பு டாக்டரையோ சிறுநீரக டாக்டரையோ பாருங்கள். வலி மாத்திரையை நிறுத்துங்கள்.

புகார் கொடுக்க வேண்டுமானால் முதல் வேலை பைலை வாங்குவது. எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் டாக்டர் ரெக்கார்டைக் கொடுக்க வேண்டும் என்பது 2002-ஆம் வருச மெடிக்கல் கவுன்சில் விதி. நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு வருசம் அவகாசம் உண்டு. முகாம் இலவசம் என்பார்கள், ஆகவே பணம் கட்டியதற்கு ரசீதோ ஜிபே ஸ்க்ரீன்ஷாட்டோ கட்டாயம் வேண்டும். நுகர்வோர் உதவி எண் 1915. மருந்தின் பக்க விளைவைச் சொல்ல 1800 180 3024. எங்கே சொன்னாலும் மருந்தின் பெயர், பேட்ச் நம்பர், காலாவதி தேதி கேட்பார்கள். டிரிப் ஏறிக்கொண்டிருக்கும்போதே, குப்பைக்கூடைக்குப் போவதற்கு முன், பாட்டிலையும் குப்பியையும் திருப்பி லேபிள் தெரிய ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.