பந்து பிடிக்கக் கற்றுத்தந்த சிகிச்சை மையம்

ஆறு வயதாகியும் என் மகளுக்குப் பந்து பிடிக்க வரவில்லை. பந்து அருகே வருமுன்பே கண்ணை மூடிக்கொள்வாள். கைகள் நெஞ்சோடு ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் ஊன்றித்தான் இறங்குவாள். போகப்போகச் சரியாகிவிடும் என்றே எல்லோரும் சொன்னார்கள். குழந்தைநல மருத்துவர்தான் பரிசோதித்து, இயக்க ஒருங்கிணைப்புக் குறைபாடு என்றார்; அதாவது கை, கால் அசைவுகளை ஒன்றிணைத்துச் செய்வதில் சிரமம். பள்ளி வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு 5, 6 பேருக்கு இது இருக்கிறது. அறிவுக் குறைவும் அல்ல, சோம்பலும் அல்ல.

முதலில் போன ஓர் இடத்தில் ஊஞ்சலிலும் பெரிய உருண்டைப் பந்திலும் ஆடவிட்டே நேரம் போனது. மகள் சிரித்தாள், ஆனால் படி இறங்குவதில் மாற்றமே இல்லை. இப்போது போகும் மையத்தில் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாடச் செயல்களைப் பழக்கும் சிகிச்சையாளர்) அவளிடமே கேட்டார்: "உனக்கு என்ன செய்ய ஆசை?" பந்து விளையாட வேண்டும் என்றாள். அங்கிருந்தே தொடங்கினார்கள். எந்தச் செயல் வரவில்லையோ அதையே பழக்குவதுதான் முறை. இந்தக் குறைபாடு பற்றி 2019இல் வெளியான சர்வதேசப் பரிந்துரைகளும் இதைத்தான் சொல்கின்றன.

தொடக்கம் பலூனில். அது மெதுவாக இறங்குவதால் கண் பின்தொடர அவகாசம் கிடைக்கிறது. பிறகு மெத்தென்ற பெரிய பந்து, அதுவும் உட்கார்ந்தபடி; உடம்பைச் சமநிலையில் வைக்கும் வேலை அப்போது குறைந்துவிடுகிறது. அப்புறம் நின்றுகொண்டு, கொஞ்சம் தள்ளி நின்று, சிறிய பந்தோடு. தவறவிட்டால் "கவனமாகப் பிடி" என்று ஒருநாளும் சொல்ல மாட்டார். "பந்து வந்தபோது உன் கை எங்கே இருந்தது?" என்று கேட்பார். "கையை முன்னாலேயே நீட்டி வைக்க வேண்டும்" என்று மகள் தானே கண்டுபிடித்துச் சொன்னபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

வீட்டில் செய்ய வேண்டியதை நோட்டில் எழுதித் தருகிறார்கள். தினமும் பத்து நிமிடம் போதும், ஆனால் விடாமல் செய்ய வேண்டும்.

குறையும் உண்டு. முன்னறிவிப்பின்றித் தெரபிஸ்டை மாற்றிவிடுகிறார்கள். புதியவரோடு பழக மகளுக்கு நாளாகிறது. பெற்றோரிடம் பேசக் கடைசியில் ஒதுக்கும் நேரமும் போதவில்லை.

இப்போது கால் மாற்றிப் படியேறுகிறாள். இறங்கும்போது மட்டும் கைப்பிடி வேண்டும். அடுத்தது சைக்கிள். பெடலைக் கழற்றிவிட்டு, தரையைக் காலால் உந்திப் பழகுவதிலிருந்து தொடங்கப்போகிறார்கள்.