கன்னியாகுமரிச் சாலையில் ஓர் இரவு: சேலமா, நாமக்கல்லா, கரூரா?

பெங்களூருவிலிருந்து கன்னியாகுமரிக்கு 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 680 கிலோமீட்டர். மாறி மாறி ஓட்ட இருவர் இருந்து, விடியும் முன்பே புறப்பட்டால், ஒரே பகலில் போய்ச் சேர்ந்துவிடலாம். ஆனால் வயதான பெற்றோரும் சிறு பிள்ளைகளும் உடன்வர, ஒருவரே வண்டி ஓட்டியாக வேண்டிய குடும்பங்கள் வழியில் ஓர் இரவு தங்கிப் போவதே நல்லது. பள்ளி, அலுவலக வேலைகளை முடித்துக்கொண்டு நண்பகலுக்குப் பின் கிளம்புகிறவர்களுக்கு அந்த இரவு பெரும்பாலும் கொங்கு நாட்டில்தான் அமையும். எந்த ஊரில் தங்குவது என்று கேட்கிற உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் நாமக்கல் பகுதிக்காரனாகிய நான் சொல்லி வருவதை இங்கே சற்று விரிவாக எழுதுகிறேன்.

பலரும் வரைபடத்தைப் பார்த்துப் பாதித் தொலைவு எங்கே வருகிறது என்று தேடுகிறார்கள், அல்லது எந்த ஊரில் பெரிய ஓட்டல் இருக்கிறது என்று பார்க்கிறார்கள். இரண்டுமே தேவைதான் என்றாலும், முதலில் பார்க்க வேண்டியவை வேறு. வண்டி ஓட்டுகிறவர் இருட்டில் கடக்கக் கூடாத சாலை எது, அவர் எத்தனை மணி நேரம் நிம்மதியாக உறங்க முடியும், மறுநாள் எத்தனை மணிக்குள் எங்கே இருக்க வேண்டும் என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை தெரிந்துவிட்டால், ஊர் தானாகவே முடிவாகிவிடும். லாரித் தொழிலோடு வளர்ந்த எங்கள் பகுதியில் ஓட்டுநரின் உறக்கத்தை யாரும் சோம்பலாகக் கருதுவதில்லை. அது கெட்டால் என்ன ஆகும் என்பதை ஒவ்வொரு தெருவும் அறிந்திருக்கிறது.

முதல் கேள்விக்கு விடை தொப்பூர் கணவாய். தருமபுரியைத் தாண்டிச் சேலத்துக்குப் போகும் வழியில், வளைவுகளோடு இறங்கும் இந்தச் சரிவு பல உயிர்களைப் பறித்திருக்கிறது. பாரம் ஏற்றிய லாரிகள் டீசலை மிச்சப்படுத்துவதற்காக நியூட்ரலில் இறங்கும்போது, எஞ்சின் தரும் தடுப்பு விசை இல்லாமல் பிரேக் மட்டுமே வேலை செய்ய வேண்டியிருக்கிறது. அது சூடேறிப் பிடிப்பை இழந்துவிட்டால் முன்னால் போகும் வண்டிகளின் கதி அதோகதிதான். காரில் போகிறவர் எவ்வளவு நிதானமாக ஓட்டினாலும், பின்னால் வருகிற லாரியின் பிரேக் அவர் கையில் இல்லை. ஆகவே செய்யக்கூடியவை இரண்டு: குறைந்த கியரில், முன்னால் போகும் வண்டிக்கு நிறைய இடம் விட்டு, தடம் மாறாமல் இறங்குவது, அதையும் நல்ல வெளிச்சத்தில் செய்வது. பகலில் பின்னால் வருவது லாரியா காரா, எவ்வளவு வேகத்தில் வருகிறது என்று கண்ணாடியில் தெளிவாகத் தெரியும். இரவில் தெரிவது இரண்டு விளக்குகள் மட்டுமே.

பெங்களூருவிலிருந்து தொப்பூர் சுமார் 160 கிலோமீட்டர். ஓசூர் வரையிலான நெரிசலையும் சேர்த்துக்கொண்டால், பிற்பகல் ஒரு மணிக்குக் கிளம்புகிறவர் ஐந்து மணிக்குள் சரிவைக் கடந்துவிடலாம். இதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு ஒரு மணிக்குக் கிளம்பினால், உடல் இயல்பாகவே தளர்கிற இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் இடைப்பட்ட நேரத்தில் கிருஷ்ணகிரிச் சாலையின் நேர்கோட்டில் கண்கள் செருகத் தொடங்கும். ஓட்டுகிறவர் மட்டுமாவது மதியம் பாதி வயிறு சாப்பிட்டு, தருமபுரிக்கு முன் ஒரு தேநீர்க் கடையில் இறங்கிக் கால் மணி நேரம் நடந்துவிட்டுச் சரிவுக்குப் போவது நல்லது.

மூன்று மணிக்குப் பிறகு கிளம்ப நேர்ந்தால், அதுவும் ஆறு மணிக்கே இருட்டிவிடும் மார்கழி, தை மாதங்களில், சேலம், நாமக்கல், கரூர் மூன்றையும் மறந்துவிட்டுத் தருமபுரியிலேயே தங்கிவிடுங்கள். அதியமான் ஆண்ட தகடூர் அது. குடும்பத்தோடு தங்கத் தக்க விடுதிகள் ஓரளவுக்கு உண்டு. மறுநாளுக்கு 540 கிலோமீட்டர் மீதம் இருக்கும் என்பது பெரிய குறைதான். இருந்தாலும் தொப்பூரை விடியற்காலை வெளிச்சத்தில், உறங்கி எழுந்த கண்களோடு கடக்கலாம். இந்த ஒரு விஷயத்தில் நான் எவருக்கும் விட்டுக்கொடுத்துப் பேசுவதில்லை.

நேரத்தோடு கிளம்பியவர்களுக்கு முதலில் வருவது சேலம். வசதி என்று பார்த்தால் மற்ற இரண்டு ஊர்களும் இதற்கு ஈடாகா. ஐந்து ரோடு, புதிய பேருந்து நிலையம், குரங்குச்சாவடி ஆகிய பகுதிகளில் எல்லா விலையிலும் அறைகள் இருக்கின்றன. நெடுஞ்சாலையிலிருந்து அதிகம் உள்ளே போக வேண்டியதில்லை. நள்ளிரவில் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தாலும், பெரியவருக்கு நெஞ்சு வலித்தாலும் பெரிய மருத்துவமனைகள் அருகிலேயே உண்டு. இதய நோயாளியையோ கைக்குழந்தையையோ அழைத்துச் செல்கிறவர்களுக்கு இந்த ஒரு காரணமே போதும். அவர்கள் மேற்கொண்டு யோசிக்காமல் சேலத்தில் தங்கலாம். மாலையில் தெருவோரத் தள்ளுவண்டியில் தட்டுவடை செட் வாங்கித் தின்பதும் பிள்ளைகளுக்கு நினைவில் நிற்கும்.

ஆனால் சேலம் பெங்களூருவிலிருந்து 200 கிலோமீட்டர்தான். மாலை ஐந்தரை, ஆறு மணிக்கே வந்து சேர்ந்துவிட்டால், இன்னும் நேரம் இருக்கிறதே என்று கடைவீதிக்கும் கோயிலுக்கும் உறவினர் வீட்டுக்கும் வண்டியை எடுக்கத் தோன்றும். அப்படி எடுத்தவர் ஒன்பது மணி வரை நகர நெரிசலில் சிக்கி, நெடுஞ்சாலையில் படாத களைப்பை அங்கே படுவார். மறுநாளுக்கு 480 கிலோமீட்டர் பாக்கி இருக்கும். கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்குச் செல்லும் படகுக்கு மாலை நான்கு மணி வாக்கில் சீட்டு கொடுப்பதை நிறுத்திவிடுவார்கள். காலை ஆறு மணிக்குச் சேலத்தை விட்டாலும், சிற்றுண்டிக்கும் மதிய உணவுக்கும் நிறுத்திப் போகிற குடும்பம் மூன்று மணிக்கு முன் அங்கே சேர்வது கடினம். அதற்குமேல் வரிசையில் நிற்க வேண்டும். அன்றே பாறைக்குப் போய், 2024 டிசம்பர் இறுதியில் திறக்கப்பட்ட கண்ணாடிப் பாலத்தில் நடந்து வள்ளுவர் சிலையையும் பார்த்துவிட வேண்டும் என்று நினைக்கிறவர்களுக்குச் சேலம் ஒத்துவராது.

சேலம் என்றதும் ஏற்காடு பேச்சும் எழும். சுமார் 1,500 மீட்டர் உயரம், குளிர்ந்த காற்று, முப்பது கிலோமீட்டர்தானே என்பார்கள். இருபது கொண்டை ஊசி வளைவுகளை மாலையில் ஏறி, மறுநாள் காலையில் இறங்கி, அதன் பிறகு 480 கிலோமீட்டர் ஓட்டுவது வழித்தங்கலே அல்ல. அது தனிச் சுற்றுலா. ஏற்காட்டுக்கு இரண்டு நாள் ஒதுக்கித் தனியாகப் போவதுதான் அந்த மலைக்கு மரியாதை.

நாமக்கல் சேலத்திலிருந்து 55 கிலோமீட்டர். ஐந்தரை மணிக்குச் சேலத்தைக் கடக்கிறவர் நல்ல நான்குவழிச் சாலையில் ஏழு மணிக்கு முன் வந்துவிடலாம். சிறிய ஊர் என்பதால் அறைகளில் தேர்வு குறைவு. உயர்தர விடுதி, நீச்சல்குளம் என்று எதிர்பார்ப்பவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கலாம். ஆனால் சுத்தமான அறை, தண்ணீர், வண்டி நிறுத்த இடம் ஆகிய மூன்றும் நியாயமான விலையில் கிடைக்கும். அறையை மட்டும் கவனித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். லாரி, முட்டை, கோழித்தீவனம் என்று இரவும் பகலும் சரக்கு நகர்கிற ஊர் இது. முக்கியச் சாலையைப் பார்த்த அறையில் படுத்தால் ஏர் ஹாரன் சத்தம் விடியும்வரை கேட்கும். பின்பக்க அறை வேண்டும் என்று பதிவு செய்யும்போதே கேட்டு வாங்குங்கள்.

இந்த ஊரை நான் முதலில் சொல்வதற்குச் சொந்த ஊர்ப் பற்று காரணம் என்று நினைக்க வேண்டாம். இரவு எட்டரைக்குள் உணவு முடிந்து, ஒன்பதரைக்குள் படுத்து, ஐந்து மணிக்கு எழுகிற ஓட்டுநருக்கு ஏழரை மணி நேர உறக்கம் இங்கே நிச்சயம். மாலையில் அவரை வெளியே இழுக்கும் பெருநகர ஈர்ப்புகள் இல்லை. காலையில் புறப்படும் முன் குடும்பத்தோடு தரிசிக்க, மேற்கூரை இல்லாமல் வெயிலிலும் மழையிலும் கைகூப்பி நிற்கும் பதினெட்டு அடி ஆஞ்சநேயர் இருக்கிறார். எதிரே ஒரே பாறையாக எழும் கோட்டை மலையும், அதைக் குடைந்து செய்த குடைவரையில் நரசிம்மரும். பெரியவர்கள் மலையேற வேண்டியதில்லை. ஆஞ்சநேயரைக் கீழேயே நின்று வணங்கலாம். எல்லாம் முடித்து ஏழரை மணிக்குக் கிளம்பினாலும் மீதம் 425 கிலோமீட்டர்தான். அன்றே படகைப் பிடிக்க விரும்புகிறவர்கள் தரிசனத்தைத் திரும்பும் வழிக்கு ஒத்திவைத்து, ஆறு மணிக்கே கிளம்பிவிட வேண்டும்.

கணக்கை மட்டும் பார்த்தால் கரூர்தான் வெல்லும். பெங்களூருவிலிருந்து 300, கன்னியாகுமரிக்கு 380. வீட்டு உபயோகத் துணி ஏற்றுமதியும் பேருந்துக் கூடு கட்டும் தொழிலும் செழித்த ஊர் என்பதால், வெளியூர் வணிகர்களுக்கென்றே அமைந்த நல்ல விடுதிகள் உண்டு. நாமக்கல்லைவிட அறைத் தேர்வு அதிகம். கொங்கு நாட்டின் பாடல் பெற்ற ஏழு சிவத்தலங்களான கொங்கேழ் தலங்களில் ஒன்றான பசுபதீசுவரர் கோயில் ஊருக்குள்ளேயே இருக்கிறது. காலை ஆறரைக்குக் கிளம்பினாலும், மதிய உணவுக்கு நின்று, இரண்டு மணி வாக்கில் கடற்கரையைப் பார்த்துவிடலாம்.

குறை என்னவென்றால், சேலத்திலிருந்து கரூர் வரையிலான நூறு கிலோமீட்டரின் பின்பாதி இருட்டில்தான் கழியும். சாலை மோசமில்லை. ஆனால் ஊர் விலக்குகளில் குறுக்கே வரும் மொபெட்டுகள், பின்விளக்கு எரியாத டிராக்டர்கள், எதிர்த்தடத்தில் வரும் இருசக்கர வண்டிகள் ஆகியவற்றை ஏழாவது மணி நேரமாக ஓட்டுகிற கண்கள் தாமதமாகத்தான் காணும். பரமத்தி வேலூரைத் தாண்டிக் காவிரிப் பாலத்தைக் கடக்கும் இடம் இந்தச் சாலையிலேயே அழகானது. வெற்றிலைக் கொடிக்காலும் வாழைத் தோட்டமும் இருபுறமும் விரிந்திருக்கும். அக்கரையில் வேலாயுதம்பாளையத்தில், சேர மன்னர்களின் பெயர்களைப் பழந்தமிழ் எழுத்தான தமிழியில் தாங்கி நிற்கும் ஆறுநாட்டார் மலையும் உண்டு. இரவில் கடந்தால் இவற்றுள் எதையும் பார்க்க முடியாது. நாமக்கல்லில் தங்கியவர் காலை வெயிலில் இதே பாலத்தைக் கடப்பார். எனவே ஓட்ட இருவர் இருந்து, காலை பதினொரு மணிக்கே பெங்களூருவை விட்டவர்களுக்குக் கரூர். ஒருவர் மட்டுமே ஓட்டுகிற குடும்பத்துக்கு நாமக்கல். இதுதான் என் முடிவு.

இந்த மூன்று ஊர்களோடு போட்டியிடும் நான்காவது இடம் ஒன்று உண்டு. அது சொந்தக்காரர் வீடு. கொங்கு நாட்டில் வழியில் சொந்தம் இருந்தும் விடுதியில் தங்கினால் மனத்தாங்கல் வரும். அந்த அன்பை நான் மதிக்கிறேன். ஆனால் சாலையை விட்டு இருபது முப்பது கிலோமீட்டர் உள்ளே தோட்டத்து வீட்டுக்குப் போய், இலை போட்டு விருந்து உண்டு, நலம் விசாரித்துப் பேசி முடிக்கையில் மணி பன்னிரண்டாகிவிடும். காலையில் சாப்பிடாமல் விடமாட்டார்கள். ஓட்டுகிறவருக்குக் கிடைப்பது நான்கு மணி நேர அரைத்தூக்கம். “திரும்பி வரும்போது ரெண்டு நாள் இருக்கறோமுங்க அத்தை” என்று முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லிவிட்டால் யாரும் தவறாக நினைப்பதில்லை.

வாடகை வண்டியில் வருகிறவர்கள் ஓட்டுநருக்குப் படுக்கை இருக்கிறதா என்று கேட்காமல் அறையைப் பதிவு செய்யக் கூடாது. குடும்பம் குளிர்சாதன அறையில் உறங்க, ஓட்டுநர் காருக்குள் கொசுக்கடியில் புரண்டுகொண்டிருப்பதை வாகன நிறுத்துமிடங்களில் இன்றும் பார்க்கிறோம். மறுநாள் நம் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு நானூறு கிலோமீட்டர் ஓட்டப் போகிறவர் அவர். ஓட்டுநர்களுக்கு உறங்கும் கூடமும் கழிப்பறையும் விடுதிகளில் இருக்க வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2023இல் கட்டட விதிகளைத் திருத்தியது. ஆனாலும் பழைய கட்டடங்களில் அந்த வசதியை எதிர்பார்க்க முடியாது. அப்படிப்பட்ட இடத்தில் அவருக்கு ஒரு சாதாரண அறையைத் தனியாக எடுத்துக் கொடுப்பதே சரி. 2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்த 1961ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளொன்றுக்கு எட்டு மணி நேர வேலையையும், ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து ஓட்டாமல் அரை மணி நேர ஓய்வையும் வகுத்திருந்தது. சொந்த வண்டி ஓட்டுகிறவரை அந்தச் சட்டம் கட்டுப்படுத்தவில்லை. ஆனால் களைப்பு எல்லா உடலுக்கும் ஒன்றுதான்.

தை, வைகாசி, ஆவணி முகூர்த்த நாள்களில் மூன்று ஊர்களிலும் திருமண வீட்டார் அறைகளை மொத்தமாக எடுத்துவிடுவார்கள். மார்கழியில் அனுமன் ஜெயந்தியன்று நாமக்கல்லில் இடம் கிடைப்பது அரிது. அன்று கரூரையோ சேலத்தையோ நாடுங்கள்.

திரும்பும் பயணத்தில் இந்த வரிசை மாறிவிடும். வடக்கு நோக்கிப் போகும்போது தொப்பூர் ஏற்றமாகிவிடுவதால், இறக்கத்தில் இருந்த அபாயம் பெரிதும் குறைகிறது. காலையில் கன்னியாகுமரியை விட்டவர் மாலைக்குள் 480 கிலோமீட்டர் கடந்து சேலத்தில் தங்கினால், மறுநாளுக்கு 200 கிலோமீட்டர்தான் மிஞ்சும். அந்த மறுநாள் திங்கட்கிழமையாக இருந்தால், விடியற்காலையில் அவசரப்பட்டுக் கிளம்பி ஓசூருக்கு அப்பால் அலுவலக நேர நெரிசலில் போய்ச் சிக்காமல், சேலத்திலேயே நிதானமாகச் சிற்றுண்டி சாப்பிட்டு எட்டு மணிக்குமேல் வண்டியை எடுக்கலாம்.