மூன்று கிலோ கேமராவுக்கு 90 கிராம் வார்: மூன்று வருடம் சுமந்த அனுபவம்

எங்கள் வீட்டு இரண்டாம் கட்டுப் பகுதியில், பெட்டக அறைக் கதவுக்குப் பக்கத்து ஆணியில் ஒரு தோல் வார் தொங்குகிறது. ஐயாவின் இரட்டைக்குழல் துப்பாக்கிக்கு உரியது. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்ததும் ஐயா வேட்டைக்குப் போவதை விட்டுவிட்டார். பிறகு துப்பாக்கியையும் ஒப்படைத்தாயிற்று, வார் மட்டும் வீட்டில் தங்கிவிட்டது. அவர் நடந்த கண்மாய்க் கரைகளில் இப்போது நான் கேமராவோடு நடக்கிறேன். என் கேமராவும், தூரத்துப் பறவையைக் கிட்டே காட்டுகிற 150-600 மில்லிமீட்டர் லென்ஸும் சேர்ந்து மூன்று கிலோவுக்குச் சற்றுக் குறைவு. பன்னிரண்டு போர் (12 bore) அளவு இரட்டைக்குழல் துப்பாக்கியும் கிட்டத்தட்ட அந்த எடைதான். அதனால்தான் கேமரா வாருக்கு யோசனை தேடும்போது துப்பாக்கி வார் எப்படிச் செய்யப்பட்டிருக்கிறது என்று பார்க்க ஆரம்பித்தேன்.

நான் அதிகம் போவது சிவகங்கை மாவட்டத் திருப்பத்தூர்ப் பக்கம் உள்ள வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்துக்கு. 1977-ல் அறிவிக்கப்பட்டது, மொத்தமே 38 ஹெக்டேர் சொச்சம். பறவைகள் மிரளக்கூடாது என்று தீபாவளிக்குக்கூட வெடி போடாத ஊர்க்காரர்கள் அங்கே இருக்கிறார்கள். அப்படிப்பட்ட இடத்துக்கு வாரில் இரும்பு கிணுகிணுக்கப் போனால் எனக்கே கூச்சமாக இருக்கும்.

முதலில் கேமராவோடு வந்த வாரையே மாட்டினேன். இரண்டு நடையிலேயே தவறு புரிந்தது. எடையில் பெரும்பகுதி லென்ஸில் இருக்க, வார் கேமராவைப் பிடித்துத் தூக்கினால் இரண்டும் சேரும் வளையம்தான் எல்லா இழுப்பையும் தாங்க வேண்டும். நீள லென்ஸ் வைத்திருப்பவர்கள் வாரை லென்ஸின் காலில்தான், அதாவது முக்காலியில் பொருத்த லென்ஸுக்கு அடியில் இருக்கும் பிடியில்தான், மாட்ட வேண்டும். இதில் மட்டும் சமரசம் கூடாது.

அடுத்து நியோப்ரீன் என்கிற மெத்தென்ற செயற்கை ரப்பரில் அகலமான வார் வாங்கினேன். கடையில் தோளில் போட்டுப் பார்த்தபோது மெத்தென்று இருந்தது. கரையில் நடந்தால் அடிக்கு அடி ஸ்பிரிங் மாதிரி ஆடியது. அந்த ஆட்டத்தில் லென்ஸ் இடுப்பெலும்பில் தட்டிக்கொண்டே வந்தது. போதாததற்கு அது வேர்வையை வெளியே விடுவதே இல்லை. மழை ஓய்ந்து வெயில் அடிக்கிற கார்த்திகைக் காலையில், ஒரு மணி நேரத்துக்குள் சட்டைத் தோள் நனைந்து ஒட்டிக்கொள்ளும். ஐந்து மாதம் பொறுத்தேன்.

அப்புறம் தோல் வார். ஐயாவின் வார் மீது இருந்த ஆசைதான் காரணம். பார்க்க அழகு, தோளில் வழுக்காது, ஆனால் தராசில் 240 கிராம். ஐப்பசி மழையில் நனைந்து, வீட்டுக்குள் காயாமல் கிடந்து, தை பிறப்பதற்குள் பூஞ்சை பூத்துவிட்டது. மாதம் ஒருமுறை எண்ணெய் தடவப் பொறுமை உள்ளவர்களுக்கு அது நல்ல பொருள்.

மூன்று வருடமாக நான் போடுவது 38 மில்லிமீட்டர் அகல பாலியஸ்டர் நாடா. கொக்கியோடு சேர்த்து 90 கிராம். நைலான் நாடாவும் கிடைக்கும், தொட இன்னும் மென்மையாகவே இருக்கும். ஆனால் நைலான் தண்ணீர் குடிக்கும், நனைந்தால் இளகி நீளும். பாலியஸ்டர் அவ்வளவு நீளாது, வெயிலையும் கூடுதலாகத் தாங்கும். ஒரு அங்குல நாடா இன்னும் இலேசுதான். ஆனால் நாலு கிலோமீட்டர் நடந்ததும் கழுத்தோரத்தில் கயிறு மாதிரி அழுத்துகிறது. இந்த இடத்தில் 30 கிராம் மிச்சம் பிடிப்பது தோளுக்குச் செய்கிற துரோகம்.

காரைக்குடியில் பை தைக்கிற ஒருவரிடம்தான் தைத்தேன். நான் மடிப்பில் நெடுக நாலு வரி தையல் கேட்டேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, ஒரு சின்னச் சதுரம் ஓட்டி அதற்குள் குறுக்கே பெருக்கல் குறி போட்டார். "நெடுக மட்டும் ஓட்டுனா ஒரு பக்க நூல் அத்தா மொத்தமும் பிரிஞ்சு வந்துரும்ணே. இப்படிப் போட்டா இழுப்பு எல்லாப் பக்கமும் பிரிஞ்சு போயிரும்" என்றார். மூன்று மழைக்காலம் போய்விட்டது, அந்தச் சதுரத்தில் ஒரு நூல்கூடக் கிளம்பவில்லை.

கொக்கி விஷயத்தை விரிவாகச் சொல்லியாக வேண்டும். முதலில் லென்ஸின் கால் துளையில் முறுக்குகிற திருகுக் கொக்கி வாங்கினேன். நடக்கும்போது லென்ஸ் இலேசாகச் சுழன்றுகொண்டே வரும், அதிலேயே திருகும் கொஞ்சம் கொஞ்சமாக இளகும். ஒருநாள் வேட்டங்குடி சரணாலயத்தைச் சேர்ந்த கொள்ளுக்குடிப்பட்டிக் கண்மாய்க் கரையில் நத்தைகுத்தி நாரை ஒன்று குஞ்சுக்கு இரை கொடுப்பதைப் பார்த்து நின்றுவிட்டு நகர்ந்தேன். தோளில் பாரம் சட்டென்று இல்லாமல் போனது. நல்லவேளை, இடது கை லென்ஸுக்கு அடியில் இருந்தது. கேமரா என் உள்ளங்கையில் உட்கார்ந்திருக்க, கொக்கி காலுக்குக் கீழே புல்லில் கிடந்தது. அன்று முழுக்கக் கை நடுக்கம் நிற்கவில்லை.

அதற்குப் பிறகுதான் வேட்டைத் துப்பாக்கிகளில் வருகிற, சட்டென்று கழற்றி மாட்டக்கூடிய கியூடி (QD, quick detach) கொக்கிக்கு மாறினேன். நடுவில் உள்ள பட்டனை அழுத்தினால் கழலும், விட்டால் உள்ளே இருக்கிற குட்டிக் குண்டுகள் பள்ளத்தில் போய்ப் பூட்டிக்கொள்ளும். இந்தக் கொக்கி பூட்டுகிற குழியோடு லென்ஸ் காலுக்கான தட்டுகளும் விற்கிறார்கள். வார் எப்படிச் சுழன்றாலும் எதுவும் இளகாது. மாட்டியதும் ஒருமுறை இழுத்துப் பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். கரை மணல் பட்டனுக்குள் போனால் குண்டுகள் முழுசாக வெளியே வராது. நான் வாரம் ஒருமுறை பழைய பல்துலக்கும் பிரஷால் தட்டி எடுக்கிறேன். கொக்கி வளையத்தில் சைக்கிள் டியூப் துண்டு ஒன்றைச் சுற்றியிருக்கிறேன், சத்தமே வராது. இதுபோக மெல்லிய கயிறு ஒன்று கேமராவின் காதிலிருந்து (வார் மாட்டப் பக்கத்தில் இருக்கும் வளையத்திலிருந்து) வாருக்குத் தனியாகப் போகிறது. கொள்ளுக்குடிப்பட்டி கற்றுக்கொடுத்தது அது.

குறைகளும் உண்டு. பருத்திச் சட்டையில் நாடா வழுக்குகிறது. தோள்படும் இடத்தில் ஒரு சாண் நீளத்துக்கு ரப்பர் இழை ஓடுகிற பட்டை தைத்த பிறகு பாதி சரியானது. கருப்பு நிறம் வெளுத்துச் சாம்பலாகிவிட்டது, கருவேல முள் பட்டு ஓரம் பிசிறுகிறது. கொக்கி ஓடுகிற இடத்தில் மட்டும் விரலால் தடவினால் நாடா மெலிந்திருப்பது தெரிகிறது. அடுத்த பறவைக் காலத்துக்கு முன் மாற்ற இரண்டு மீட்டர் நாடா வாங்கி வைத்துவிட்டேன். அதே கடையில், அதே பெருக்கல் குறித் தையல் போடச் சொல்லியிருக்கிறேன்.