இரவு லோடு: இண்டெக்ஸை முடக்கி ஏற்றுவதா, பார்ட்டிஷனை மாற்றிப் போடுவதா?

ஆரக்கிளில் ஒரு விற்பனை டேட்டா வேர்ஹவுஸ் என்று வைத்துக்கொள்வோம். ஃபேக்ட் டேபிளில் (விற்பனைப் பதிவுகள் சேரும் பெரிய டேபிள்) 200 கோடி ரெக்கார்டு, அதன் மேல் எட்டு இண்டெக்ஸ் (தேடலை வேகமாக்கும் அட்டவணை). இரவுதோறும் கிளைகளிலிருந்து 50 லட்சம் ரெக்கார்டு வரும். காலை எட்டு மணிக்கு ரிப்போர்ட் கையில் இருக்க வேண்டும். லோடு இழுத்தால் எல்லோரும் முதலில் டிஸ்க்கையும் நெட்வொர்க்கையும்தான் குறை சொல்வார்கள். போய்ப் பார்த்தால், டேபிளில் எழுதியதைவிட எட்டு இண்டெக்ஸையும் சரிசெய்வதிலேயே நேரம் கரைந்திருக்கும். இதற்கு வழி மூன்று. மூன்றையும் ஓட்டிப் பார்த்து நாங்கள் நின்றது மூன்றாவதில். அதனால் இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்தே இருக்கும்.

முதல் வழி, இண்டெக்ஸ்களைத் தொடாமல் அப்பெண்ட் ஹின்ட் (கட்டளைக்குள் எழுதும் குறிப்பு) போட்டு நேரடியாக ஏற்றுவது. டேட்டா ஹை வாட்டர் மார்க்குக்கு (டேபிள் இதுவரை பயன்படுத்திய எல்லை) மேலே புது பிளாக்குகளில் போய் உட்காரும். டேபிளுக்கான அன்டூ (மாற்றத்தைத் திரும்பப் பெற வைக்கும் பதிவு) ஏறக்குறைய இல்லை. ஆனால் இண்டெக்ஸுக்கான அன்டூவும் ரீடூவும் (மாற்றத்தை மறுபடி செய்ய வைக்கும் பதிவு) அப்படியே இருக்கும். இன்னொரு தொல்லை: டேபிளில் ஒரு டிரிகரோ ஃபாரின் கீயோ இயக்கத்தில் இருந்தால் ஆரக்கிள் அந்த ஹின்ட்டைச் சத்தமில்லாமல் ஒதுக்கிவிட்டுச் சாதாரண இன்சர்ட்டாகவே ஓட்டும். நிஜமாகவே நேரடி லோடு நடந்ததா என்று பார்க்க எளிய சோதனை உண்டு. இன்சர்ட் முடிந்ததும், கமிட்டுக்கு முன்பே, அதே செஷனில் அந்த டேபிளை செலக்ட் செய்யுங்கள். ஓரா-12838 என்ற எரர் வந்தால் நடந்திருக்கிறது. டேட்டா திரும்ப வந்தால் ஹின்ட் எடுபடவில்லை. பேரலல் டிஎம்எல்லும் (இன்சர்ட் போன்றவற்றைப் பல பிராசஸாகப் பிரித்து ஓட்டுவது) தானாக வராது. செஷனில் தனியாக இயக்க வேண்டும். சில லட்சம் ரெக்கார்டு வரை இந்த வழியே போதும், மேற்கொண்டு யோசிக்க வேண்டியதில்லை.

இரண்டாவது, பல இடங்களில் பழக்கமாகிப்போன வழி: இண்டெக்ஸ்களை அன்யூசபிள் ஆக்கு (முடக்கு), ஏற்று, ரீபில்ட் செய் (மறுபடி கட்டு). பார்ட்டிஷன் (டேபிளைத் தேதிவாரியாகப் பிரித்த துண்டு) இல்லாத டேபிளில் இதன் கணக்கே உதைக்கிறது. 50 லட்சத்தைச் சேர்க்க 200 கோடிக்கும் இண்டெக்ஸை முதலிலிருந்து கட்டுகிறோம். பார்ட்டிஷன் உள்ள டேபிளில், அன்றைய பார்ட்டிஷனின் லோக்கல் இண்டெக்ஸ்களை (பார்ட்டிஷனுக்குப் பார்ட்டிஷன் தனியாக இருப்பவை) மட்டும் முடக்கி மீட்டெடுக்கலாம். அப்போது வேகத்தில் மூன்றாவது வழிக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. வெறும் வேகம் மட்டும்தான் கேள்வி என்றால் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

ஆனால் தீர்மானிப்பது வேகம் அல்ல. லோடு பாதியில் விழுந்தால் காலையில் ரிப்போர்ட் எதைப் பார்க்கும், திரும்ப ஓட்ட என்ன செய்ய வேண்டும் என்பதுதான்.

இரண்டாவது வழியில் பத்து ஃபைலில் ஆறு ஏறி கமிட் ஆகி, ஏழாவதில் ஜாப் விழுகிறது என்று பாருங்கள். இண்டெக்ஸ்கள் அன்யூசபிள் நிலையிலேயே கிடக்கின்றன. ஸ்கிப் அன்யூசபிள் இண்டெக்ஸஸ் என்ற பாராமீட்டர் இயல்பாகவே ட்ரூ என்பதால் எந்த ரிப்போர்ட்டும் எரர் தராது. எல்லாம் ஃபுல் ஸ்கேனில் போகும். இரண்டு நிமிட ரிப்போர்ட் முக்கால் மணி நேரம் சுற்றும், அதுவும் பாதி நாளின் விற்பனையைக் காட்டிக்கொண்டு. எரர் வந்திருந்தால் யாராவது போனாவது செய்திருப்பார்கள்.

ஒரே மதிப்பு இரண்டு முறை வராமல் காக்கும் யூனிக் இண்டெக்ஸ் விஷயத்தில் இன்னும் மோசம். அது அன்யூசபிளாக இருந்தால் இன்சர்ட்டே ஓரா-1502 என்று நிற்கும். அந்த பாராமீட்டர் இதற்கு உதவாது. அதனால் பலரும் ப்ரைமரி கீயையே டிஸேபிள் செய்துவிட்டு ஏற்றுகிறார்கள். அப்புறம் அவசரத்தில் ஜாபைத் திரும்ப ஓட்டினால் அந்த ஆறு ஃபைலும் இரண்டாம் முறை உள்ளே போகும், தடுக்க ஆளில்லை. விடியற்காலையில் கீயை எனேபிள் செய்யும்போது ஓரா-2437 வரும். அந்த நேரத்தில் டூப்ளிகேட்டைத் தேடி அழிப்பது, முதலில் ஏற்ற எடுத்த நேரத்தைவிட அதிகம்.

ரீபில்டிலும் இரண்டு கண்ணி. பேரலல் 8 என்று ரீபில்ட் செய்தால் அந்த 8 இண்டெக்ஸிலேயே ஒட்டிக்கொள்ளும். நோபேரலல் என்று திருப்பி வைக்காவிட்டால் மறுநாள் சின்னச் சின்ன கேள்விகூட எட்டு பிராசஸை இழுத்துக்கொண்டு ஓடப் பார்க்கும். அடுத்தது ஓரா-1652, அதாவது டேபிள்ஸ்பேஸில் (டேட்டா வைக்கும் சேமிப்பிடம்) தற்காலிக செக்மென்ட்டுக்கு இடம் போதவில்லை என்ற எரர். இதைப் பார்த்ததும் டெம்ப் டேபிள்ஸ்பேஸைப் பெரிதாக்குவார்கள். எரரில் இருக்கும் டேபிள்ஸ்பேஸ் பெயரை முதலில் படியுங்கள். புது இண்டெக்ஸ் கட்டி முடியும்வரை தற்காலிக செக்மென்ட்டாகத்தான் இருக்கும். பெயர் உங்கள் இண்டெக்ஸ் டேபிள்ஸ்பேஸாக இருந்தால் இடம் போதாதது அங்கேதான்.

மூன்றாவது வழியில், மெயின் டேபிளை லோடு தொடுவதே இல்லை. அதே அமைப்பில் ஒரு ஸ்டேஜிங் (இடைநிலை) டேபிள், அதில் அப்பெண்ட், பேரலல் எல்லாம் போட்டு ஏற்றுங்கள். இண்டெக்ஸ் ஒன்றும் இல்லாத டேபிள் என்பதால் பறக்கும். ஏற்றி முடித்த பின், மெயின் டேபிளின் லோக்கல் இண்டெக்ஸ்களுக்கு நிகரானவற்றை, அதே காலம் (நெடுவரிசை, column) வரிசையில் கட்டுங்கள். 50 லட்சத்துக்கு மட்டும்தானே. பிறகு எக்ஸ்சேஞ்ச் பார்ட்டிஷன் (ஸ்டேஜிங்கையும் அன்றைய பார்ட்டிஷனையும் மாற்றிப் போடும் கட்டளை), இன்க்ளூடிங் இண்டெக்ஸஸ், வித்தவுட் வேலிடேஷன். டேட்டா எதுவும் நகர்வதில்லை. டிக்‌ஷனரியில் இரண்டு செக்மென்ட்டுகள் இடம் மாறுகின்றன, அவ்வளவுதான்.

பாதியில் விழுந்தாலோ, ஸ்டேஜிங்கை ட்ரன்கேட் செய்துவிட்டு (மொத்தமாகக் காலி செய்துவிட்டு) முதலிலிருந்து ஓட்டலாம். மெயின் டேபிளின் இண்டெக்ஸுக்கும் கீக்கும் எதுவும் ஆகியிருக்காது. ரிப்போர்ட்டில் நேற்று வரையான விற்பனை முழுசாக இருக்கும். இன்றையது வரவில்லை என்று நேராகச் சொல்லிவிடலாம். ஒரு கிளையின் டேட்டா தப்பு என்று மதியம் தெரிய வந்து மறுலோடு செய்தாலும் பழைய பார்ட்டிஷன் இப்போது ஸ்டேஜிங் பெயரில் பத்திரமாக இருக்கிறது. இன்னொரு எக்ஸ்சேஞ்ச் போட்டால் பழைய நிலை. இதற்காகவே ஸ்டேஜிங்கை உடனே ட்ரன்கேட் செய்யாமல் அடுத்த லோடு வரை வைத்திருங்கள். எக்ஸ்சேஞ்ச் நேரத்தில் பழைய செக்மென்ட்டைப் படித்துக்கொண்டிருந்த நீண்ட ரிப்போர்ட் ஓரா-8103 என்று விழாமலும் அது காப்பாற்றும்.

சும்மா வந்துவிடாது, சில முன்வேலை வேண்டும். அமைப்பு கொஞ்சம் பிசகினாலும் ஓரா-14097 வரும். கண்ணுக்குத் தெரிந்த காலமெல்லாம் பொருந்தியும் இது வந்தால், எப்போதோ செட் அன்யூஸ்டு செய்த (வேண்டாம் என்று குறித்து வைத்த) காலமோ ஃபங்ஷன் இண்டெக்ஸ் உருவாக்கிய மறைவான காலமோ மெயின் டேபிளில் இருக்கும். 12.2 முதல் கிரியேட் டேபிளில் ‘ஃபார் எக்ஸ்சேஞ்ச் வித் டேபிள்’ என்று சொன்னால் இவற்றையும் சேர்த்து ஆரக்கிளே உருவாக்கித் தரும். இண்டெக்ஸை மட்டும் நாம்தான் கட்ட வேண்டும். ஓரா-14098 என்றால் இண்டெக்ஸ் ஒன்று குறைகிறது அல்லது காலம் வரிசை மாறியிருக்கிறது.

வித்தவுட் வேலிடேஷன் என்பது ‘நான் பார்த்துவிட்டேன், நீ நம்பு’ என்று சொல்வது. மார்ச் 5 பார்ட்டிஷனுக்குள் மார்ச் 4 தேதியிட்ட ரெக்கார்டு போய்விட்டால், மார்ச் 4-ஐக் கேட்பவருக்கு அது தெரியவே தெரியாது. ப்ரூனிங் (தேவையில்லாத பார்ட்டிஷனைத் தவிர்ப்பது) அந்தப் பக்கம் எட்டியும் பார்க்காது. ஆகவே எக்ஸ்சேஞ்சுக்கு முன் ஸ்டேஜிங்கில் மின், மேக்ஸ் தேதி, எண்ணிக்கை, தொகை, கீ டூப்ளிகேட் ஆகியவற்றைப் பார்ப்பது கட்டாயம்.

ப்ரைமரி கீ பில் எண் மட்டும் என்றால் அதன் இண்டெக்ஸ் குளோபலாகத்தான் (எல்லாப் பார்ட்டிஷனுக்கும் சேர்த்து) இருக்க முடியும். லோக்கல் யூனிக் இண்டெக்ஸில் பார்ட்டிஷன் கீ சேர்ந்தே ஆக வேண்டும், இல்லையேல் ஓரா-14039. குளோபல் இண்டெக்ஸ் எக்ஸ்சேஞ்சில் அன்யூசபிள் ஆகும், அல்லது அப்டேட் இண்டெக்ஸஸ் போட்டு மிச்சம் பிடித்த நேரத்தை அங்கே இழக்க வேண்டும். 12-ஆம் பதிப்பில் வந்த ‘பிறகு சரிசெய்துகொள்ளும்’ வசதி ட்ராப், ட்ரன்கேட் இரண்டுக்கு மட்டுமே. கீயில் தேதியையும் சேர்த்துவிடுவதுதான் நல்லது.

இன்டர்வல் பார்ட்டிஷன் (தேவைப்படும்போது தானாக உருவாகும் வகை) என்றால் அன்றைய பார்ட்டிஷன் இன்னும் பிறந்தே இருக்காது. லாக் டேபிள் கட்டளையில் ‘பார்ட்டிஷன் ஃபார்’ என்று அந்தத் தேதியைக் கொடுத்து ஷேர் மோடில் பூட்டினால் அது உருவாகிவிடும். ஸ்டாட்டிஸ்டிக்ஸையும் (கேள்வியை எப்படி ஓட்டுவது என்று ஆரக்கிள் முடிவெடுக்கப் பார்க்கும் புள்ளிவிவரம்) மறக்க வேண்டாம்: மெயின் டேபிளில் இன்க்ரிமென்டல் ட்ரூ, ஸ்டேஜிங்கில் அதோடு இன்க்ரிமென்டல் லெவல் டேபிள் என்று வைத்து, ஸ்டேஜிங்கிலேயே சேகரித்துவிட்டால் 12-ஆம் பதிப்பு முதல் அதுவும் சேர்ந்தே மாறும். 200 கோடியைத் திரும்ப ஸ்கேன் செய்ய வேண்டாம்.

தாமதமாக வரும் டேட்டாதான் இந்த வழியின் பலவீனம். மூன்று நாள் நெட் இல்லாத கிளை ஒன்று 2,000 பில்லை இன்று அனுப்பினால், அதற்காகப் பழைய பார்ட்டிஷன்களை ஸ்டேஜிங்கில் நகலெடுத்து மாற்றுவது வீண் வேலை. அவற்றைச் சாதாரண இன்சர்ட்டிலேயே போடுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை டேட்டா சொட்டும் இடத்துக்கும் எக்ஸ்சேஞ்ச் ஒத்துவராது. எக்ஸாடேட்டா (ஆரக்கிளின் சொந்த டேட்டாபேஸ் இயந்திரம்) மாதிரி இடங்களில் எட்டு இண்டெக்ஸில் பாதி தேவைப்படாமலே போகலாம். அங்கே முதல் வழியே ஜெயிக்கக்கூடும், அளந்து பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

பார்ட்டிஷனிங், என்டர்பிரைஸ் எடிஷனுக்கு மேல் தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டிய ஆப்ஷன். ஸ்டாண்டர்டு எடிஷனில் அது இல்லை, பேரலலும் இல்லை. அங்கே இருப்பவர்கள் முதல் வழியோடோ இரண்டாவது வழியோடோதான் காலம் தள்ள வேண்டும். ஒன்று மட்டும் செய்துகொள்ளுங்கள்: ஒவ்வொரு ரெக்கார்டிலும் லோடு எண்ணுக்கு ஒரு காலம் வையுங்கள், ஜாப் தொடங்கும்போதே அந்த எண்ணில் ஏற்கெனவே ஏறியதை டெலீட் செய்துவிட்டு மேலே போகட்டும். கடைசியில் யூசர் இண்டெக்ஸஸ் வியூவில் அன்யூசபிள் ஒன்றாவது மிச்சமிருந்தால், ஜாப் வெற்றி என்று சொல்லாமல் விழ வேண்டும்.